"இத்தனை சதவீத முஸ்லிம்கள் வன்முறைய ஆதரிக்கிறாங்க" - இந்த மாதிரி எண்ணை எப்படிப் படிக்கிறது?

2015 டிசம்பர் 7ஆம் தேதி டொனால்ட் ட்ரம்ப் ஒரு அறிக்கை விட்டார். அப்போ அவர் அதிபர் இல்ல, வேட்பாளர் ஆகுறதுக்குப் போட்டி போட்டுட்டு இருந்தவர். முஸ்லிம்கள் அமெரிக்காவுக்குள்ள வர்றத மொத்தமா நிறுத்தணும்ங்கிறதுதான் அந்த அறிக்கை. அதுக்கு ஆதாரமா காட்டினது ஒரு கருத்துக்கணிப்பு எண், அமெரிக்க முஸ்லிம்கள்ல 25% பேர் அமெரிக்கர்கள் மேல நடக்கிற வன்முறை நியாயம்தான்னு சொல்றாங்கன்னு. அந்த சர்வே ஆன்லைன்ல 600 பேர்கிட்ட எடுத்தது. அந்த 600 பேரும் குலுக்கல் மாதிரி தேர்ந்தெடுத்தவங்க கிடையாது, சர்வேக்கு நானும் பதில் சொல்றேன்னு தானா பேர் கொடுத்து வந்தவங்க. அப்படி வந்த ஒரு எண்ணை வச்சு கோடிக்கணக்கான மக்களைப் பத்தி ஒரு கொள்கையே பேசினாங்க.

இதே மாதிரி எண்ணுங்க நம்ம வாட்ஸ்அப் குரூப்புலயும் சுத்திட்டுதான் இருக்கு. ஒரு பக்கம் "பாதிப் பேர் தீவிரவாத ஆதரவாளர்கள்"னு ஒரு படம் வரும், இன்னொரு பக்கம் "93% முஸ்லிம்கள் மிதவாதிகள், கேலப்பே சொல்லிருச்சு"ன்னு பதில் படம் வரும் (கேலப்ங்கிறது அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனம்). ரெண்டையும் அனுப்புறவங்க அந்த சர்வேல என்ன கேள்வி கேட்டாங்க, யார்கிட்ட கேட்டாங்கன்னு பார்த்திருக்க மாட்டாங்க. உலகத்துல ஏறக்குறைய 200 கோடி முஸ்லிம்கள் இருக்காங்க, அவங்க ஜனநாயகத்தைப் பத்தி, வன்முறையைப் பத்தி என்ன நினைக்கிறாங்கன்னு அளக்கிறது நிஜமாவே ஒரு கஷ்டமான வேலை, அதுக்காக இருபது வருஷத்துக்கு மேல நல்ல ஆராய்ச்சியாளர்கள் உழைச்சிருக்காங்க. அந்த வேலை எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டா ரெண்டு பக்கத்துப் படத்தையும் ஒரே கண்ணால பார்க்கலாம்.

ஆயிரம் பேர்கிட்ட கேட்டா போதுமா?

ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்வோம். சர்வேயோட அடிப்படை அதுதான், ஆனா அதுல ஒரு நிபந்தனை இருக்கு. பானையை நல்லா கிளறி விட்டிருக்கணும். அடியில குழைஞ்சும் மேல வேகாமலும் இருந்தா மேலாப்புல எடுத்த ஒரு சோறு பொய் சொல்லும். அடி, நடு, மேல்னு எங்க இருக்கிற பருக்கையும் கரண்டியில வர்றதுக்கு சம வாய்ப்பு இருந்தா மட்டும்தான் அந்தப் பதம் பதம்.

அந்தக் கரண்டியில வர்ற கொஞ்சப் பேரைத்தான் சாம்பிள்னு சொல்றாங்க. சாம்பிள் சரியா எடுத்திருந்தா ஆயிரம் பேர் போதும், ஒரு நாட்டு மக்கள்தொகை 50 லட்சமா இருந்தாலும் 25 கோடியா இருந்தாலும் சரி. ஆயிரம் பேர் சாம்பிள்ல 40% வந்திருக்குன்னா நிஜம் 37க்கும் 43க்கும் நடுவுல இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். இந்த மூணு புள்ளி முன்ன பின்ன இருக்கிறதுக்குப் பேர் பிழை வரம்பு. ஊர் ஊரா கொத்து கொத்தா எடுக்கிற சர்வேல இது இன்னும் கொஞ்சம் கூடும். அதனால போன வருஷம் 22%, இந்த வருஷம் 24%, ஆதரவு ஏறிருச்சுன்னு யாராவது எழுதினா அதைக் கண்டுக்க வேணாம்.

முஸ்லிம் நாடுகள்ல நடந்த பெரிய ஆய்வுகள் பெரும்பாலும் நேர்ல வீடு தேடிப் போய் எடுத்தவைதான். அமெரிக்க ஆய்வு நிறுவனமான பியூ ரிசர்ச் சென்டர் 2013ல வெளியிட்ட ஆய்வு 39 நாடுகள்ல, 80க்கும் மேற்பட்ட மொழிகள்ல, 38,000 முஸ்லிம்களுக்கு மேல நேர்ல உட்கார்ந்து பேசி எடுத்தது. அரபு நாடுகளுக்குன்னே 2006ல ஆரம்பிச்சது அரப் பாரோமீட்டர், அதுல அமெரிக்கப் பல்கலைக்கழகக்காரங்களும் அந்தந்த நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து வேலை செய்றாங்க.

வாசல்ல என்ன நடக்கும்னா, முதல்ல ஊரைக் குலுக்கல்ல எடுப்பாங்க, அப்புறம் தெரு, அப்புறம் இத்தனாவது வீடுன்னு கணக்கு. வீட்டுக்குள்ள யார்கிட்ட கேட்கிறதுங்கிறதும் சர்வே எடுக்கிறவர் இஷ்டம் இல்ல. வீட்ல இருக்கிற பெரியவங்க எல்லாரையும் வயசு வாரியா எழுதி ஒரு அட்டவணையைப் பார்த்து அதுல விழுற ஆளைத்தான் கூப்பிடணும். இல்லைனா கதவைத் திறக்கிற ஆம்பளை மட்டுமே பதில் சொல்வார், பானையில மேலாப்பு மட்டும் கரண்டியில வந்த கதை ஆயிடும். அட்டவணையில 19 வயசு மருமக பேர் விழுந்தா அவகிட்டதான் கேட்கணும், அவகிட்ட பேச பெண் ஒருத்தர் போகணும், பக்கத்துல மாமியார் உட்காராம பார்த்துக்கணும். பாகிஸ்தான்லயும் ஆப்கானிஸ்தான்லயும் இதுதான் பெரிய பாடு.

இன்னொரு விஷயத்தையும் மறந்துடக்கூடாது. சண்டை நடக்கிற இடத்துக்கு சர்வே எடுக்கிறவங்க போக முடியாது. பாகிஸ்தான்ல பியூ எடுத்த சர்வேக்கள்ல பழங்குடிப் பகுதிகளையும் காஷ்மீரையும் விட்டுட்டுதான் எடுத்தாங்க. அதாவது வன்முறை அதிகமா இருந்த இடமே கணக்குல இல்ல. அதை அவங்க மறைக்கலை, அறிக்கையிலயே எழுதியிருக்காங்க, நாமதான் அந்தப் பக்கத்தைப் புரட்டுறதில்லை.

சுருக்கமா இதுவரைக்கும்: சாம்பிள் பெருசா இருக்கிறது முக்கியம் இல்ல, குலுக்கலா இருக்கிறதுதான் முக்கியம். தானா வந்து சேர்ந்த 600 பேரை விட குலுக்கல்ல விழுந்த 600 பேர் எவ்வளவோ மேல்.

எந்தக் கேள்விக்கு அந்தப் பதில்?

பியூ 2002ல இருந்து நிறைய நாட்டுல கேட்ட கேள்வி கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: இஸ்லாமை அதன் எதிரிகள்கிட்ட இருந்து காப்பாத்த, பொதுமக்கள் மேல தற்கொலைத் தாக்குதல் மாதிரி வன்முறை நடத்துறது நியாயம்னு சிலர் நினைக்கிறாங்க, எந்தக் காரணமா இருந்தாலும் நியாயமே இல்லைன்னு சிலர் நினைக்கிறாங்க, நீங்க என்ன நினைக்கிறீங்க? பதில் நாலு: அடிக்கடி நியாயம், சில நேரம் நியாயம், அபூர்வமா நியாயம், ஒருபோதும் நியாயம் இல்லை.

இப்போ "ஆதரிக்கிறவங்க எத்தனை பேர்"ங்கிற எண்ணை எப்படி உண்டாக்குவீங்க? முதல் ரெண்டு பதிலைக் கூட்டினா ஒரு எண். "அபூர்வமா"வையும் சேர்த்தா அதைவிடப் பெரிய எண். "அடிக்கடி" மட்டும் எடுத்தா சின்ன எண். மூணுமே பொய் இல்ல, ஆனா தலைப்புல ஒண்ணுதான் வரும். பியூ பொதுவா முதல் ரெண்டையும் கூட்டும்.

மேல சொன்ன கேலப்போட 93%ல மிச்சம் இருக்கிற 7% கதையும் இதேதான். செப்டம்பர் 11 தாக்குதல் எந்த அளவு நியாயம்னு 1ல இருந்து 5 வரைக்கும் மதிப்பெண் போடச் சொன்னாங்க. அதுல 5 போட்டு, கூடவே அமெரிக்கா மேல மோசமான எண்ணம் இருக்கிறவங்களை மட்டும் தீவிரமானவங்கன்னு எடுத்துக்கிட்டாங்க, அதுதான் 7%. 4 போட்டவரு என்ன ஆனார்? அவரும் மிதவாதி கணக்குலதான் போனார். இதை நிறைய பேர் கேள்வி கேட்டாங்க, கேட்டது நியாயம்தான். "93% மிதவாதிகள்"னு சந்தோஷமா பகிர்றவங்க இதையும் தெரிஞ்சுக்கணும். நமக்குப் பிடிச்ச எண்ணா இருந்தா கேள்வி கேட்காம விட்டுடக்கூடாது.

வார்த்தை எவ்வளவு விளையாடும்ங்கிறதுக்கு 2015 நவம்பர்ல பிரிட்டன்ல நடந்தது ஒரு நல்ல உதாரணம். தி சன் பத்திரிகை முதல் பக்கத்துல ஐந்துல ஒரு பிரிட்டிஷ் முஸ்லிமுக்கு ஜிகாதிகள் மேல அனுதாபம்னு பெருசா போட்டாங்க. கேட்ட கேள்வியில ஜிகாதிங்கிற வார்த்தையே கிடையாது, ஐஎஸ்ங்கிற தீவிரவாத அமைப்போட பேரும் கிடையாது. சிரியாவுல சண்டை போடுறவங்களோட சேரப் போற இளம் முஸ்லிம்கள் மேல உங்களுக்கு அனுதாபம் இருக்கான்னுதான் கேட்டாங்க. அங்க அப்போ அதிபரா இருந்த அசாத்தை எதிர்த்து சண்டை போட்டவங்க இருந்தாங்க, ஐஎஸ்ஸை எதிர்த்து சண்டை போட்டவங்களும் இருந்தாங்க. வழி தவறிப் போன பிள்ளைன்னு ஒரு தாய்க்கு வர்ற இரக்கமும் அனுதாபம்தான். பிரிட்டன் பத்திரிகைகளைக் கண்காணிக்கிற அமைப்பு அடுத்த வருஷம் அந்தச் செய்தி வாசகர்களைத் தவறா வழிநடத்துதுன்னு தீர்ப்பு சொன்னுச்சு. தீர்ப்பு வர்றதுக்குள்ள அந்தத் தலைப்பு போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருச்சு.

எவ்வளவு பேர்ல 86%?

இது தனியா சொல்ல வேண்டிய விஷயம், ஏன்னா மிக அதிகமா சுத்துற தப்பு இதுதான். "எகிப்து முஸ்லிம்கள்ல 86% பேர் மதம் மாறினவங்களுக்கு மரண தண்டனை வேணும்னு சொல்றாங்க". பியூவோட 2013 அறிக்கையில 86ங்கிற எண் இருக்கு. ஆனா அது எல்லா எகிப்து முஸ்லிம்கள்லயும் 86% இல்ல. ஷரியாவை (இஸ்லாமிய மதச் சட்டத்தை) நாட்டுச் சட்டமா ஆக்கணும்னு சொன்னவங்க 74%, அவங்கள்ல 86%. பெருக்கிப் பார்த்தா மொத்தத்துல சுமார் 64%. அதே கணக்கை இந்தோனேசியாவுக்குப் போட்டா 72%ல 18%, அதாவது மொத்தத்துல 13%.

64% சின்ன எண்ணுன்னு நான் சொல்ல வரலை. அது பயமுறுத்துற எண்தான், மதம் மாறினவரோட உயிர் சம்பந்தப்பட்டது, அதை மழுப்பக் கூடாது. ஆனா எகிப்துல 64, இந்தோனேசியாவுல 13, ரெண்டும் முஸ்லிம் பெரும்பான்மை நாடு. அப்போ "முஸ்லிம்கள்ல இத்தனை சதவீதம்"னு உலகம் முழுக்க ஒரே எண் போடுறதுல என்ன அர்த்தம் இருக்கு? ஷரியா வேணும்ங்கிற கேள்வியிலயே ஆப்கானிஸ்தான்ல 99%, அசர்பைஜான்ல 8%. இவ்வளவு விரிஞ்சு கிடக்கிற ஒண்ணுக்கு சராசரி எடுத்தா அந்த சராசரியில எந்த நாடும் இருக்காது.

ஒரே வருஷத்துல பாதியான ஆதரவு

ஜோர்டானை எடுத்துக்கலாம். மேல சொன்ன தற்கொலைத் தாக்குதல் கேள்விக்கு 2005ல ஜோர்டான் முஸ்லிம்கள்ல 57% பேர் அடிக்கடி அல்லது சில நேரம் நியாயம்னு சொன்னாங்க. அந்த எண்ணை வச்சு அப்போ எத்தனையோ பேர் ஜோர்டானோட மனசே இதுதான்னு எழுதினாங்க. 2005 நவம்பர் 9ஆம் தேதி ராத்திரி அம்மான் நகரத்துல மூணு ஹோட்டல்ல குண்டு வெடிச்சது, அதுல ஒண்ணு ஒரு கல்யாண விருந்துல வெடிச்சது, சுமார் 60 பேர் செத்தாங்க, செத்ததுல பெரும்பாலானவங்க முஸ்லிம்கள். ஈராக் அல் காய்தா நாங்கதான் செஞ்சோம்னு பொறுப்பேத்துச்சு. 2006ல அதே கேள்வியைத் திரும்பக் கேட்டப்போ 29%. 2007ல 23%.

அந்த ஒரு வருஷத்துல ஜோர்டான் மக்களோட மதம் மாறலை, அவங்க ஓதுற குர்ஆன் மாறலை. மாறினது என்னன்னா, அந்தக் கேள்வியைக் கேட்டதும் மனசுல வர்ற காட்சி. அதுவரைக்கும் தற்கொலைத் தாக்குதல்னா அவங்களுக்கு பாலஸ்தீனமும் ஈராக்குல இருந்த அமெரிக்கப் படையும் ஞாபகம் வந்துச்சு, கேள்வி என்னவோ பொதுமக்கள்னுதான் கேட்டுச்சு, ஆனா பதில் சொல்றவர் மனசுல எதிரி, ஆக்கிரமிப்புன்னுதான் ஓடுச்சு. அம்மானுக்கு அப்புறம் கல்யாண மண்டபம் ஞாபகம் வந்துச்சு. பாகிஸ்தான்லயும் 2004ல 41%ஆ இருந்தது 2007ல 9%ஆ விழுந்துச்சு, அந்த வருஷங்கள்ல குண்டு அவங்க ஊர்லயே வெடிக்க ஆரம்பிச்சிருந்தது.

இதுல இருந்து எனக்குத் தோணுறது, இந்த எண்ணெல்லாம் ஒரு சமூகத்தோட குணத்தை விட அது அந்த நேரத்துல எதைப் பார்த்துட்டு இருக்குங்கிறதைத்தான் அதிகமா சொல்லுது. மதம்தான் காரணம்னா மூணு வருஷத்துல நாலுல ஒரு பங்கா குறையுறதை எப்படி விளக்குறது?

ஒப்பிட வேற ஆள் இல்லாம ஒரு குழுவை மட்டும் கேட்கிறதுலயும் இந்தச் சிக்கல் இருக்கு. கேலப் 2011ல அமெரிக்காவுல எல்லா மதத்துக்காரங்ககிட்டயும் ஒரே கேள்வி கேட்டுச்சு: தனி ஆளோ சின்னக் குழுவோ பொதுமக்களைக் குறிவச்சுக் கொல்றது சில நேரம் நியாயமா? ஒருபோதும் இல்லைன்னு சொன்னது முஸ்லிம்கள்ல 89%, புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள்ல 71%. ராணுவம் பொதுமக்களைக் குறிவச்சா? ஒருபோதும் நியாயம் இல்லைன்னு முஸ்லிம்கள்ல 78%, புராட்டஸ்டன்ட்கள்ல 38%. முஸ்லிம்கள்கிட்ட மட்டும் கேட்டிருந்தா "11% முஸ்லிம்கள் இல்லைன்னு சொல்லல"ன்னு தலைப்பு வந்திருக்கும்.

பயத்தோட வர்ற பதில்

இதுவரைக்கும் பதில் சொல்றவர் மனசுல இருக்கிறதைத்தான் சொல்றார்னு வச்சுக்கிட்டுப் பேசினோம். அது எப்பவும் அப்படி இல்ல. கேட்கிறவங்களுக்கே ஆபத்து இருக்கிற இடம் இது. 2002ல ஈரான்ல ஒரு சர்வே, தெஹ்ரான் மக்கள்ல முக்கால்வாசிப் பேர் அமெரிக்காவோட பேச்சுவார்த்தை நடத்தலாம்னு நினைக்கிறாங்கன்னு வந்துச்சு. அதை எடுத்த அப்பாஸ் அப்தியைக் கைது பண்ணி சிறைத் தண்டனையும் கொடுத்தாங்க. 2003 ஜூலைல ரமல்லாவுல பாலஸ்தீன ஆய்வாளர் கலீல் ஷிகாகி, அகதிகள் சொந்த ஊர் திரும்புறதைப் பத்தி எடுத்த சர்வே முடிவை வெளியிடப் போனப்போ ஒரு கும்பல் ஆபீசுக்குள்ள புகுந்து அவர் மேல முட்டை வீசுச்சு. எகிப்துல சர்வே எடுக்கணும்னா அரசாங்கப் புள்ளிவிவர அமைப்பு கேள்வித்தாளைப் பார்த்து அனுமதி தரணும், வேணாம்னு நினைக்கிற கேள்வியை அடிச்சிடுவாங்க.

எடுக்கிறவருக்கே இப்படின்னா பதில் சொல்றவர் நிலைமையை யோசிங்க. ஆப்கானிஸ்தான்ல தாலிபான் அரசாங்கத்தை எதிர்த்துச் சண்டை போட்டுட்டு இருந்த காலத்தை எடுத்துக்குங்க, தெரியாத ஒருத்தர் பேப்பர் பேனாவோட வந்து தாலிபானை ஆதரிக்கிறீங்களான்னு கேட்கிறார். அவர் யார் அனுப்பின ஆள்னு தெரியாது. ஆமான்னு சொன்னா அரசாங்கம், இல்லைன்னு சொன்னா ராத்திரி தாலிபான். நேரடிக் கேள்வி இங்க வேலைக்கு ஆகாது.

எண்ணிக்கை மட்டும் சொல்லுங்க

இதுக்கு ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்ச ஒரு வழிதான் லிஸ்ட் எக்ஸ்பெரிமென்ட், நம்ம பட்டியல் முறைன்னு சொல்லிக்கலாம். ஆப்கானிஸ்தான்ல பஷ்தூன் மக்கள் அதிகமா இருக்கிற அஞ்சு மாகாணம், 204 கிராமம், 2,754 ஆம்பளைங்க, 2011 ஆரம்பத்துல கிரேம் பிளேர், கோசுகே இமாய், ஜேசன் லையால்னு மூணு பேர் நடத்தின ஆய்வு. 2,754 பேரையும் குலுக்கல்ல மூணு சம குழுவா பிரிச்சாங்க, ஒரு குழுவுக்கு 918 பேர்.

முதல் குழுவுக்கு மூணு பெயரை வாசிச்சுக் காட்டினாங்க: கர்சாய் (அப்போதைய ஆப்கான் அதிபர்) அரசாங்கம், தேசிய ஒற்றுமைத் திட்டம் (அரசாங்கத்தோட கிராம வளர்ச்சித் திட்டம்), உள்ளூர் விவசாயிகள். இதுல எத்தனையை நீங்க பொதுவா ஆதரிக்கிறீங்க, எதுன்னு சொல்ல வேணாம், எண்ணிக்கை மட்டும் சொல்லுங்க. ரெண்டாவது குழுவுக்கு அதே மூணோட நாலாவதா வெளிநாட்டுப் படைகள். அவங்களும் எண்ணிக்கைதான் சொன்னாங்க. ஒருத்தர் ரெண்டுன்னு சொன்னா அந்த ரெண்டுல வெளிநாட்டுப் படை இருக்கா இல்லையான்னு கேட்கிறவருக்கே தெரியாது.

இப்போ கூட்டிப் பாருங்க. முதல் குழு சொன்ன எண்ணிக்கை எல்லாம் சேர்த்து 1,395. ரெண்டாவது குழுவுக்கு 1,440. ரெண்டு குழுவும் குலுக்கல்ல பிரிச்சதால வித்தியாசமா வந்த 45க்கு ஒரே காரணம் அந்த நாலாவது பேர்தான். 918ல 45, சுமார் 5%. அந்தப் பகுதியில வெளிநாட்டுப் படைகளுக்கு இருந்த ஆதரவு அவ்வளவுதான்னு யார்கிட்டயும் நேரடியா கேட்காம கண்டுபிடிச்சாங்க. எனக்கு இந்த முறை மேல தனி மரியாதையே உண்டு, பதில் சொல்றவரோட பாதுகாப்பை முதல்ல வச்சு யோசிச்ச வேலை இது.

ஆனா மூணாவது குழுவுல நடந்ததுதான் மறக்க முடியாதது. அவங்களுக்கு நாலாவது பேரா தாலிபான். 918 பேர்ல ஒருத்தர்கூட பூஜ்யம்னு சொல்லலை, ஒருத்தர்கூட நாலுன்னு சொல்லலை. முதல் குழுவுல 188 பேர் பூஜ்யம் சொல்லியிருந்தாங்க, அதே ஊருங்கதான். ஏன்? பூஜ்யம்னா தாலிபானையும் ஆதரிக்கலைன்னு வெளிச்சமா தெரிஞ்சிடும். நாலுன்னா ஆதரிக்கிறேன்னு தெரிஞ்சிடும். ஒண்ணுல இருந்து மூணுக்குள்ள சொன்னா தப்பிச்சுக்கலாம். படிப்பறிவு குறைஞ்ச கிராமம்னு நாம நினைக்கிற இடத்துல 918 பேரும் அந்தக் கேள்வியோட ஓட்டையை நொடியில கண்டுபிடிச்சு அதுக்குள்ள விழாம பதில் சொல்லியிருக்காங்க. சண்டைக்கு நடுவுல பல வருஷம் உயிரோட இருந்தவங்க அவங்க.

யார் சொன்னதுன்னு மட்டும் மாத்திக் கேட்கிறது

அதனால இன்னொரு முறையையும் வச்சிருந்தாங்க, எண்டார்ஸ்மென்ட் முறை. ஒரு சாதாரணக் கொள்கையை எடுத்துக்குவாங்க, மாவட்ட சபைக்கு நேரடித் தேர்தல் வைக்கலாமாங்கிற மாதிரி. ஒரு குழுகிட்ட இந்த யோசனை எப்படின்னு கேட்பாங்க. இன்னொரு குழுகிட்ட தாலிபான் சொல்ற இந்த யோசனை எப்படின்னு கேட்பாங்க. ரெண்டு குழுவோட ஆதரவுல இருக்கிற வித்தியாசம் தாலிபான் பேருக்கு இருக்கிற மதிப்பு. பதில் சொல்றவர் தேர்தலைப் பத்திதான் பேசுறார், தாலிபானைப் பத்தி வாயே திறக்கலை. இந்த முறையில கிடைச்ச ஒரு முக்கியமான முடிவு: வெளிநாட்டுப் படையால பாதிக்கப்பட்டவங்ககிட்ட தாலிபானுக்கு ஆதரவு கூடியிருந்தது, தாலிபானால பாதிக்கப்பட்டவங்ககிட்ட வெளிநாட்டுப் படைக்கு அந்த மாதிரி ஆதரவு கூடலை. நம்ம ஆள் அடிச்சா ஒரு கணக்கு, அந்நியன் அடிச்சா வேற கணக்கு.

பாகிஸ்தான்லயும் 2009ல நாலு மாகாணத்துல 6,000 பேர்கிட்ட இதே முறையில கேட்டாங்க, போலியோ சொட்டு மருந்து மாதிரிக் கொள்கைகளை வச்சு. வறுமைதான் தீவிரவாதத்தோட தாய்னு எல்லாரும் சொல்லிட்டே இருக்கோம்ல, அங்க வந்த முடிவு நேர் எதிர். நடுத்தர வர்க்கத்தை விட ஏழைங்கதான் ஆயுதக் குழுக்களை அதிகமா வெறுத்தாங்க, அதுலயும் நகரத்து ஏழைங்க. குண்டு வெடிக்கிற சந்தையில கடை போட்டிருக்கிறதும் அங்க நடந்து போறதும் அவங்கதானே.

இன்னொரு தூரத்தையும் இங்க சொல்லிடணும். "நியாயம்"னு சர்வேல சொல்றதுக்கும் துப்பாக்கி எடுக்கிறதுக்கும் நடுவுல பெரிய இடைவெளி இருக்கு. 2005 ஜோர்டான்ல 57%ன்னா அது லட்சக்கணக்கான பேர், அதுல ஆயுதம் எடுத்தவங்க ரொம்ப ரொம்பக் கொஞ்சம். அதுக்காக அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லைன்னும் சொல்ல முடியாது, ஊர் மறைமுகமா ஆதரிக்கிற இடத்துலதான் ஆயுதக் குழுவுக்கு ஒளிய வீடு கிடைக்கும், பணம் கிடைக்கும், போலீஸ்கிட்ட யாரும் சொல்ல மாட்டாங்க.

இந்தப் பகுதியோட சாரம்: ஆபத்தான இடத்துல நேரடிக் கேள்விக்கு வர்ற சதவீதத்தை விட இப்படிச் சுத்தி வளைச்சுக் கேட்டு வர்ற வித்தியாசம்தான் நம்பகமானது. அந்த முறைக்கும் எல்லை உண்டு, தாலிபான் பட்டியல் அதுக்கு சாட்சி.

ஜனநாயகம் வேணுமான்னு கேட்டா?

எல்லாரும் வேணும்னுதான் சொல்றாங்க, இது இருபது வருஷமா வர்ற முடிவு. 2000ஐ ஒட்டின வருஷங்கள்ல உலக மதிப்பீட்டு சர்வேயை அலசினப்போ ஜனநாயகத்துக்கு இருக்கிற ஆதரவுல முஸ்லிம் சமூகங்களும் மேற்கத்திய நாடுகளும் கிட்டத்தட்ட ஒரே உயரத்துல இருந்தாங்க, பெண் உரிமை மாதிரி விஷயத்துலதான் பெரிய வித்தியாசம் வந்துச்சு. அப்புறம் ஏன் அங்கெல்லாம் ஜனநாயகம் நிக்கலைன்னு கேட்கலாம். மக்கள் விரும்புறதும் ஆட்சி அமையுறதும் ஒண்ணு இல்ல, ராணுவம், எண்ணெய்ப் பணம், வெளிநாட்டு ஆதரவுன்னு நடுவுல எவ்வளவோ இருக்கு.

ஆனா கேள்வியைக் கொஞ்சம் மாத்தினா பதில் ஆடும். ஜனநாயக ஆட்சியா, பலமான தலைவரான்னு ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொன்னப்போ, பியூவோட 2013 அறிக்கைப்படி லெபனான்ல 81% ஜனநாயகம், பாகிஸ்தான்ல 29%தான், அங்க 56% பேர் பலமான தலைவரைக் கேட்டாங்க.

துனிசியாவைப் பார்த்தா இது இன்னும் தெளிவாகும். 2011 அரபு எழுச்சியில தப்பிப் பிழைச்ச ஒரே ஜனநாயகம்னு பேர் வாங்கின நாடு. 2021 ஜூலைல அதிபர் கைஸ் சயீத் பிரதமரை நீக்கி நாடாளுமன்றத்தை முடக்கினார். அதுக்கப்புறம் எடுத்த அரப் பாரோமீட்டர் சர்வேல பத்துல ஒன்பது பேர் அவர் செஞ்சது சரின்னாங்க, பத்துல எட்டு பேர் காரியம் நடக்கணும்னா சட்டத்தை வளைக்கிற தலைவர் வேணும்னாங்க. அதே சர்வேல துனிசியாவும் சேர்த்து பல அரபு நாடுகள்ல ஜனநாயகத்துல பொருளாதாரம் நல்லா நடக்காதுன்னு நினைக்கிறவங்க ஏறியிருந்தாங்க, ஆனா குறை இருந்தாலும் மத்த ஆட்சி முறையை விட ஜனநாயகமே மேல்னு சொன்னவங்கதான் பெரும்பான்மை. ஒரே ஆள் ரெண்டையும் சொல்றார். முரண்பாடு மாதிரி தெரியும், ஆனா அவருக்கு ஜனநாயகம்னா தேர்தல் மட்டும் இல்ல, வேலை, விலைவாசி, லஞ்சம் இல்லாத ஆபீஸ் எல்லாம் சேர்ந்தது, பத்து வருஷம் தேர்தல் நடந்தும் அது எதுவும் வரலை. அந்தக் கோபத்தைத்தான் அவர் பலமான தலைவர்ங்கிற பெட்டியில டிக் பண்றார்.

அடுத்து 2022 டிசம்பர்ல சயீத் வடிவமைச்ச புது முறையில நாடாளுமன்றத் தேர்தல் நடந்துச்சு. பல கட்சிகள் புறக்கணிச்சாங்க, ஓட்டுப் போட வந்தது சுமார் 11% பேர். பத்துல ஒன்பது பேர் சரின்னு சொன்ன தலைவர் நடத்தின தேர்தல் அது. சர்வேயை மட்டும் பார்த்தவங்க அவருக்கு முழு ஆதரவுன்னு எழுதியிருப்பாங்க, ஓட்டுச் சாவடியை மட்டும் பார்த்தவங்க ஆதரவே இல்லைன்னு எழுதியிருப்பாங்க. ஒரு வருஷ இடைவெளியில ரெண்டும் நிஜம்.

அரப் பாரோமீட்டரோட முழு டேட்டாவும் கேள்வித்தாளும் அவங்க தளத்துல இலவசமா கிடைக்குது, நாடு வாரியா, வருஷம் வாரியா. பியூ அறிக்கைகளோட கடைசிப் பக்கங்கள்ல ஒவ்வொரு கேள்வியும் கேட்ட வாசகத்தோட, எத்தனை பேர்கிட்ட கேட்டாங்க, எந்தப் பகுதியை விட்டாங்கங்கிறதோட இருக்கும். அடுத்த தடவை குரூப்புல அந்த மாதிரிப் படம் வந்தா முதல்ல அந்தப் பக்கத்தைத் திறந்து, அந்தச் சதவீதத்துக்குக் கீழ சின்ன எழுத்துல "இவங்களிடம் மட்டும் கேட்டது"ன்னு ஏதாவது போட்டிருக்கான்னு பாருங்க.